கப்பல் தளத்தில் பழகிய கண்: வில்லியம் ஹாட்ஜஸை அளக்கும் அளவுகோல் பற்றி

வில்லியம் ஹாட்ஜஸின் (1744–1797) இந்தியக் காட்சிகள் துல்லியமற்றவை என்ற குற்றச்சாட்டு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அவரைத் தொடர்ந்து வருகிறது. தொடங்கிவைத்தவர்கள், அவருக்குப் பின் இந்தியா வந்த தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும். ஹாட்ஜஸ் வரைந்த இடங்களுக்கே சென்று, அவர் படங்களோடு ஒப்பிட்டு, கண்ட பிழைகளை நாட்குறிப்பில் எழுதினார்கள். காட்சியைத் தாளில் விழச்செய்யும் கேமரா அப்ஸ்குரா என்னும் கருவியின் துணையோடு வரைந்தவர்கள் அவர்கள். கட்டட அளவுகளைப் பொறுத்தவரை அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் அந்த அளவுகோல் ஹாட்ஜஸுக்கு உரியதன்று. அவர் கண் பழகியது கடலில். அவர் தேடியது ஒளியை.

லண்டனில் கொல்லர் மகனாகப் பிறந்து, நிலக்காட்சி ஓவியர் ரிச்சர்ட் வில்சனிடம் பயின்ற அவர், 1772இல் கேப்டன் குக்கின் இரண்டாம் பயணத்தில் ஓவியராக 'ரெசல்யூஷன்' கப்பலில் ஏறினார். மாலுமிகளும் வானியலாளர் வில்லியம் வேல்ஸும் நாள்தோறும் காற்றையும் மேகத்தையும் கரையின் தோற்றத்தையும் குறித்துக்கொண்டிருந்த சூழல் அது. அவ்வாண்டே கப்பலிலிருந்து தீட்டிய நன்னம்பிக்கை முனைக் காட்சியில் அதன் பாதிப்பு தெரிகிறது. மலையை மறைத்தபடி மேகம் நகர்கிறது. நீர்ப்பரப்பில் ஓரிடம் இருள, மற்றோரிடம் பளிச்சிடுகிறது. வில்சனின் பொன்னிற இத்தாலிய மாலைகளில் இந்த வானிலைக்கு இடமே இல்லை.

1773இல் நியூசிலாந்தின் டஸ்கி விரிகுடாவில் வரைந்த பிக்கர்ஸ்கில் துறைமுகக் காட்சி இன்னும் வலுவான சான்று. கப்பலுக்கும் கரைக்கும் பாலமாகக் கிடக்கும் மரத்தின்மேல் ஒருவர் நடக்கிறார். சுற்றிலும் மழையில் நனைந்த அடர்காடு. 2004இல் நடந்த ஹாட்ஜஸ் ஓவியக் கண்காட்சியையொட்டிச் செய்த எக்ஸ்ரே ஆய்வில், அந்தக் காட்டுக்கு அடியில் அண்டார்க்டிக் பனிமலைகள் தென்பட்டன. கப்பல் அண்டார்க்டிக் வட்டத்தைக் கடந்தது அதே ஆண்டு ஜனவரி 17இல். கண்முன் இருந்ததை, இருந்த இடத்திலேயே, எண்ணெய் வண்ணத்தில் தீட்டிவிடும் துடிப்பே இங்கு பேசுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில ஓவியத்தில் இது மிக அரிது.

எதிர்ச்சான்றும் உண்டு. லண்டன் திரும்பியபின் கடற்படைத் தலைமையகத்துக்காக வரைந்த பெரிய ஓவியங்களில் செவ்வியல் மரபின் மனித உருவங்கள் நுழைகின்றன. 1777இல் வெளிவந்த குக்கின் நூலுக்காக, மிடில்பர்க் தீவில் கரையிறங்கும் காட்சியைச் செப்புத்தகட்டில் செதுக்கிய ஷெர்வின், தீவு மக்களைக் கிரேக்கச் சிலைகளாகவே ஆக்கிவிட்டார். உடன் பயணித்த ஜார்ஜ் ஃபார்ஸ்டர் அதைக் கடுமையாகக் கண்டித்தார், கண்டனம் நியாயமானதே. ஹாட்ஜஸின் ஒளி களத்தில் பிறந்தது, உருவங்கள் ஓவியக்கூடத்தில் கடன் வாங்கியவை என்று பிரித்துப் பார்ப்பதே நேர்மை.

1780இல் சென்னைக்கு வந்திறங்கினார். கடலிலிருந்து தெரிந்த புனித ஜார்ஜ் கோட்டையை அவர் தம் பயண நூலில் (1793) விவரிக்கும் முறையைக் கவனிக்க வேண்டும்: மேகமற்ற நீலவானம், மெருகேறிய வெண்ணிறக் கட்டடங்கள், ஒளிரும் மணல், கரும்பச்சைக் கடல். பட்டியல் முழுவதும் நிறங்களே. ஹைதர் அலியின் படையெடுப்பால் உள்நாட்டுக்குள் போக முடியாமல் ஓராண்டளவு இங்கேயே தங்கினார். கோட்டையை நோக்கி அடைக்கலம் தேடி வந்த மக்களைக் கண்டார். பின்னர் வங்காளத்தில் கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸின் ஆதரவு கிடைத்தது. ஊர் திரும்பி வெளியிட்ட 48 இந்தியக் காட்சிகளை (1785–88) அக்வாடின்ட் முறையில் தாமே தகட்டில் ஏற்றினார். ஷெர்வின் அனுபவத்துக்குப் பின், கோடுகளைக் காட்டிலும் நிழலின் படிநிலைகளை நன்கு காட்டும் அந்த முறையைக் கையில் எடுத்தது தற்செயலாகத் தோன்றவில்லை. இப்படங்களில் கட்டடம் பிசகலாம், பொழுது பிசகுவதில்லை.

அவர் வாழ்வின் முடிவு துயரமானது. அமைதியின் பயனையும் போரின் விளைவையும் இணையாகக் காட்டிய ஓவியங்களை 1794 இறுதியில் லண்டனில் காட்சிக்கு வைத்தார். புரட்சிப் பிரான்சோடு பிரிட்டன் போரிட்டுக்கொண்டிருந்த வேளை. மன்னரின் மகனான யார்க் கோமகன் அவற்றைப் பார்த்து அதிருப்தி தெரிவிக்க, கண்காட்சி மூடப்பட்டது. சென்னையில் போரின் விளைவைக் கண்ணால் கண்ட ஒருவருக்கு அந்தக் கருப்பொருள் வெறும் உருவகமாக இருந்திருக்க முடியாது. ஹாட்ஜஸ் தூரிகையைக் கைவிட்டு, டார்ட்மத்தில் ஒரு வங்கியில் பங்குதாரரானார். 1797இல் அது முறிந்தது. அவ்வாண்டு மார்ச் 6இல் பிரிக்ஸமில் இறந்தார்.

கடற்படைத் தலைமையகத்துக்காக அவர் தீட்டிய கடல் ஓவியங்கள் கிரீனிச்சின் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவருடைய இந்தியக் காட்சிகளை ஆய்பவர்கள் டேனியல்களின் நாட்குறிப்பைத் திறப்பதற்கு முன் அந்தக் கடல் ஓவியங்களைப் பார்த்தாக வேண்டும்.