குமிழியின் ஆயுளும் இதயத்தின் படமும்

நிலையாமைக்கு உவமை தேடிய நம் பழம்புலவர்கள் நீர்க்குமிழியைக் கண்டனர். தோன்றுவதும் மறைவதும் ஒரு நொடியில் என்பதே அவர்கள் அதில் கண்ட பொருள். அக்குமிழியையே இன்றைய மருத்துவர்கள் நோயாளியின் குருதிக்குழாயினுள் செலுத்தி, அது இதயத்தைக் கடந்து செல்லும் காட்சியைத் திரையிற் பார்த்து நோயறிகின்றனர் என்றால் வியப்புத் தோன்றும், அச்சமும் தோன்றும். ஊசி போடுமுன் குழலிலுள்ள காற்றைத் தாதி வெளியேற்றுவதை நாம் கண்டிருக்கிறோம். குருதியிற் காற்றுப் புகுந்தால் கேடு என்பது யாவரும் அறிந்தது. அங்ஙனமிருக்க, "குமிழி விட்டு எக்கோ எடுக்க வேண்டும்" என்று மருத்துவமனையில் சொன்னவுடன் வேண்டாமென்று எழுந்துவிடுவோரைக் குறைகூற முடியுமா? அந்த அச்சத்தில் எவ்வளவு நியாயம் உண்டு என்பதை அறிய, இச்சோதனை வளர்ந்த வரலாறே நல்ல வழி.

கப்பற்பட்டறையிற் கிடைத்த கருவி

சுவீடன் நாட்டு லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற இதய மருத்துவர் இருந்தார். மிட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு அறுவை செய்யும் முறை அப்போது பரவி வந்த காலம். அறுக்குமுன் வால்வு சுருங்கியுள்ளதா, ஒழுகுகிறதா என்று தெளிய வேண்டும். அதற்கு நம்பத்தக்க வழியில்லை. எட்லர் தம் குறையைக் கார்ல் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியல் அறிஞரிடம் கூறினார். இவர் நோபல் பரிசு பெற்ற குஸ்டாவ் ஹெர்ட்ஸின் மைந்தர். உலோகத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று கேளா ஒலியால் ஆராயும் கருவி ஒன்று மால்மோ நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் இருந்தது. அதை இரவல் வாங்கிச் சோதித்தனர். இரும்பில் மோதி மீளும் எதிரொலி போலவே இதயச் சுவரில் மோதி மீளும் எதிரொலியும் திரையில் அசைந்தது. 1953 அக்டோபர் 29 ஆம் நாள் இதயத்தின் அசைவை அவ்வாறு பதிவு செய்தனர். இதுவே இன்று நாம் எக்கோ என்று சுருக்கமாகக் கூறும் சோதனையின் பிறப்பு. 1977 இல் இருவருக்கும் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

எதிர்பாராது கண்ட மேகம்

எக்கோவுக்கு ஒரு குறை உண்டு. சுவரும் வால்வும் எதிரொலி தரும். குருதியோ ஏறக்குறைய ஊமையாக நிற்கும். ஆகையால் அது திரையிற் கறுப்பாகவே தெரியும். விலாவெலும்பும் நுரையீரற் காற்றும் கொழுப்பும் இடையே மறைத்தால், சுவர் எங்கே முடிகிறது, அறை எங்கே தொடங்குகிறது என்பது ஊகமாகிவிடும்.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்து ரேமண்ட் கிரேமியாக்கும் பிரவீன் ஷாவும் 1968 இல் ஒரு புதுமையை வெளியிட்டனர். நுண்குழாய் வழியே இதயத்தினுள் இன்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயத்தைச் செலுத்தியபோது, கறுத்த அறைக்குள் எதிரொலிகள் மேகம் போலத் திரண்டன. சாயத்தின் நிறமா இதற்குக் காரணம்? அன்று. நிறமற்ற உப்புநீரைச் செலுத்தினாலும் அம்மேகம் திரண்டது. நீரோடு கலந்து சென்ற கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகளே ஒலியை மீட்டுத் தந்தன என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஒலியலை பட்டதும் வாயுக்குமிழி சுருங்கி விரிந்து தானும் அதிர்கின்றது. அதனாலேதான் அவ்வளவு சிறிய பொருள் அவ்வளவு பலமாக எதிரொலிக்கின்றது.

எவ்வளவு காலம் வாழ வேண்டும்?

இவ்விடத்தில்தான் குமிழியின் ஆயுள் ஒரு கேள்வியாயிற்று. உப்புநீர்க் குமிழி இதயத்தின் வலப்பக்கத்தை ஒளிரச் செய்யும். நுரையீரலின் நுண்குழாய்களைக் கடவாமல் அங்கேயே அழியும். இக்குறையையும் மருத்துவர்கள் பயனாக்கினர். இடப்பக்கத்தில் உடனே குமிழி தோன்றினால், இதயத்தின் இடைச்சுவரில் வழியிருக்கிறது என்பது பொருள். கருவிலிருக்கும்போது எல்லாருக்கும் உள்ள அத்துளை, ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு முழுதும் மூடுவதில்லை. பெரும்பாலோர்க்கு அதனால் தீங்கில்லை.

ஆனால் உடலெங்கும் குருதியை இறைப்பது இடக்கீழறை. அதைக் காண நுரையீரலைத் தாண்டி வாழும் குமிழி வேண்டும். ஸ்டீவன் பைன்ஸ்டைனும் அவர் குழுவினரும் 1984 இல் அதற்கு வழி காட்டினர். கேளா ஒலியாலேயே கரைசலைக் கலக்கி, சிவப்பணுவை ஒத்த நுண்ணிய குமிழிகளை ஆக்கினர். குருதிப் புரதமாகிய ஆல்புமினை அவற்றுக்கு ஓடாக்கிய ஆல்புனெக்ஸ் என்ற மருந்துக்கு 1994 இல் அமெரிக்க அரசு இசைவளித்தது. உள்ளிருந்த காற்று விரைவிற் கரைந்ததால் அதன் ஆயுளும் குறுகியதே. எளிதிற் கரையாத கனத்த வாயுவை அடைத்த ஆப்டிசான் 1997 இலும், கொழுப்பை ஓடாகக் கொண்ட டெபினிட்டி 2001 இலும் வந்தன. சில நிமிடம் வாழ்ந்து, உடைந்து, வாயு மூச்சோடு வெளியேறிவிடுவதே இவற்றின் இயல்பு.

எச்சரிக்கையும் மறு ஆய்வும்

வரலாறு நேர்கோட்டில் செல்லவில்லை. இம்மருந்து ஏற்றிய சிறிது நேரத்தில் சிலர் இறந்ததாகச் செய்தி வரவே, 2007 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடும் எச்சரிக்கை விடுத்தது. மருந்தால் இறந்தனரா, முன்னரே இருந்த கொடிய நோயால் இறந்தனரா என்ற வினா எழுந்தது. 2008 இல் வெளியான ஓர் ஆய்வு, 18,000 க்கு மேற்பட்ட எக்கோ சோதனைகளை ஒப்பிட்டு, மருந்து ஏற்றப்பட்டோரிடையே ஒரு நாளுக்குள் நேர்ந்த இறப்பு மிகுதியாக இல்லை என்று கண்டது. அவ்வாண்டு மே மாதத்தில் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. எனினும் எச்சரிக்கை முற்றும் நீக்கப்படவில்லை. மருந்தினால் வரும் ஆபத்தை மட்டும் எண்ணிப் பார்த்தல் போதாது. நோயை அறியாமல் விடுவதால் வரும் ஆபத்தையும் எடைபோட வேண்டும் என்பதே இதனால் விளங்கும் நீதி.

நோயாளி அறிய வேண்டியவை

சோதனையன்று நோயாளி இடப்பக்கமாகச் சாய்ந்து படுப்பார். மார்பில் மின்கம்பிகளை ஒட்டி, குளிர்ந்த களிம்பு பூசி, கருவியை அழுத்தி நகர்த்துவர். பிறகு கையிலுள்ள நரம்பில் மெல்லிய குழாய் பொருத்தி மருந்தை ஏற்றுவர். உப்புநீர்க் குமிழியாயின், இருமவோ மூச்சடக்கி முக்கவோ சொல்வர். இதில் கதிர்வீச்சு இல்லை. எக்ஸ்ரேயின்போது ஏற்றும் அயோடின் மருந்தும் இதுவன்று, சிறுநீரகத்துக்குச் சுமையில்லை. சிலருக்குத் தலைவலி, முதுகுவலி, குமட்டல், உடற்சூடு தோன்றிச் சற்று நேரத்தில் அடங்கும். மூச்சுமுட்டும் கடுமையான ஒவ்வாமை அரிது, ஆயினும் உண்டு. குடலைக் கழுவக் கொடுக்கும் சில மருந்துகளிலுள்ள பாலிஎத்திலீன் கிளைக்கால் ஒவ்வாதவர்க்குச் சில குமிழி மருந்துகளும் ஒவ்வாமற் போகலாம் என்று 2021 இல் எச்சரிக்கப்பட்டது. முன்பு எம்மருந்தேனும் ஒவ்வாதிருந்தால் அதை மறைக்காமற் சொல்லிவிட வேண்டும்.

காற்று புகுந்தால் கேடு என்ற நம் மக்களின் அறிவு பிழையன்று. பெருங்குமிழி குழாயை அடைக்கும். நுண்குமிழி சிவப்பணுவோடு சேர்ந்து ஓடிப்போகும். அளவு வேறு, ஆயுள் வேறு என்ற இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்வாரில்லாமையே அச்சத்தை வளர்க்கின்றது. மருத்துவமனைக் கடிதம் வந்தால் அதைப் படித்துச் சொல்லுமாறு பள்ளிக்கூடத்தை நாடி வரும் பெற்றோர் தோட்டங்களில் இன்றும் உளர். அவர்களிடம் "பயப்படாதே" என்று சொல்லி அனுப்புவது எளிது. ஏன் பயப்பட வேண்டாம், எதை மருத்துவரிடம் கேட்க வேண்டும் என்று விளக்கி அனுப்புவதே ஆசிரியர் கடமை.