சிலேத்தார் ஆற்றுப் படகுக் குடிகள்

ஊர்ப் பெயர்கள் வரலாற்றின் எச்சங்கள். ஏடு அழிந்த இடத்திலும் பெயர் எஞ்சி நிற்பதுண்டு. சிங்கப்பூரில் நாள்தோறும் பல்லாயிரவர் நாவில் வழங்கும் ஆங் மோ கியோ என்னும் பெயரும் அத்தகையதே. ஹொக்கியன் மொழியில் ‘ஆங் மோ’ என்றால் செம்மயிர். ஐரோப்பியரைக் குறிக்க வழங்கும் சொல் அது. ‘கியோ’ என்பது பாலம். ஆகவே ‘வெள்ளைக்காரர் பாலம்’ என்று இப்பெயருக்குப் பொருள் கூறுவர். தக்காளியைக் குறிக்கும் ஹொக்கியன் சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்துவோரும் உளர். பாலம் எனக் கொள்வோர், அந்த வெள்ளைக்காரர் சிங்கப்பூர் அரசாங்கத்தின் நில அளவையாளராய் இருந்த ஜான் டர்ன்புல் தாம்சன் என்று சொல்வது வழக்கம்.

பாலத்தின் கதை எவ்வாறாயினும், தாம்சன் இவ்வட்டாரத்தை நன்கு அறிந்தவர் என்பதற்கு உறுதியான சான்று ஒன்று உண்டு. 1973ஆம் ஆண்டிலிருந்து புதுநகராக எழுந்த ஆங் மோ கியோவின் தென் எல்லையை ஒட்டிக் காலாங் ஆறு ஓடுகிறது. வடக்கே, இயோ சூ காங்கிற்கு அப்பால், சிலேத்தார் ஆறு இருக்கிறது. இவ்விரண்டு ஆறுகளின் பெயரையும் தம் பெயராகக் கொண்ட இரண்டு மக்கட் கூட்டங்கள் ஒருகாலத்தில் இத்தீவில் வாழ்ந்தன. அவற்றுள் ஒன்றாகிய சிலேத்தார் மக்களைக் கண்டு, அவர்கள் வாழ்வை விரிவாக எழுதிவைத்தவர் இந்தத் தாம்சனே. ஓரிடத்தில் தங்காத மக்களைத் தங்கி வாழ்வோர் காணச் செல்லும்போது எதைக் காண்கின்றனர், எதைக் காணத் தவறுகின்றனர் என்பதை ஆராய இஃது ஏற்ற சான்றாகும்.

1819இல் இருந்தவர் யார்?

1819ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ராஃபிள்ஸ் இத்தீவில் இறங்கியபோது இங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ ஆயிரவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிட்டுள்ளனர். அவர்களுள் காலாங் மக்கள் ஏறத்தாழ 500 பேர். சிலேத்தார் மக்கள் 200 பேர். கெலாம் மக்கள் 150 பேர். இன்றைய கெப்பல் துறைமுகப் பக்கத்திலும் வேறு சில கடற்குடிகள் இருந்தனர். தெமெங்கோங் என்னும் மலாய்த் தலைவரோடு இருந்த மலாய்க்காரர் இருபது முப்பது பேர். சீனரும் ஏறக்குறைய அவ்வளவே. கணக்கைக் கூட்டிப் பார்த்தால், அன்றைய மக்களுட் பெரும்பாலோர் நீரையும் படகையும் சார்ந்து வாழ்ந்தவர் என்பது விளங்கும். ‘அக்காலத்தில் சிங்கப்பூர் ஒரு சிறு மீனவர் குப்பம்’ என்று ஒரு தொடரில் சொல்லிவிட்டு மேலே செல்லும்போது, மக்களிற் பெரும்பாலோரின் வரலாற்றையே தாண்டிச் சென்றுவிடுகிறோம்.

இக்கடற்குடிகள் வரலாற்றில் நேற்றுத் தோன்றியவர் அல்லர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவில் இருந்த போர்த்துகீசியரான தோமே பிரெஸ், இவர்களைச் ‘செலாத்தெஸ்’ என்று குறிப்பிடுகிறார். நீரிணையைக் குறிக்கும் ‘செலாட்’ என்னும் மலாய்ச் சொல்லின் வழி வந்த பெயர் அது. பரமேஸ்வரன் மலாக்காவை நிறுவியபோது அவனுக்குத் துணை நின்றவர் இக்கடற்குடிகளே என்பது அவர் தரும் செய்தி. பாறையும் நீரோட்டமும் மிகுந்த நீரிணைகளில் வழிகாட்டவும், பகைவர் கலங்களை மறிக்கவும் இவர்களன்றி வேறு எவராலும் இயலவில்லை. ஒரு பேரரசுக்குக் கைகாலாய் இருந்த மக்களின் உறவினரே பிற்காலத்தில் ‘கடையர்’ என்று கருதப்பட்டனர் என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

அளவையாளர் கண்ட படகு

தாம்சன் 1821இல் இங்கிலாந்தின் வடகோடியில் உள்ள நார்தம்பர்லாந்தில் பிறந்தவர். 1838இல் பினாங்கு வந்தார். 1841இல், இருபது வயதளவில், சிங்கப்பூர் அரசாங்க நில அளவையாளர் ஆனார். சாலையும் பாலமும் வகுத்தார். பெட்ரா பிராங்கா பாறைமேல் 1851இல் ஒளி வீசத் தொடங்கிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தைக் கட்டினார். நிலத்தை அளந்து, கூறுபடுத்தி, ஒவ்வொரு கூற்றுக்கும் எல்லையும் எண்ணும் உரியவன் பெயரும் எழுதுவது அவர் தொழில்.

ஜே. ஆர். லோகன் என்பவர் 1847இல் சிங்கப்பூரில் ஓர் ஆராய்ச்சி இதழைத் தொடங்கினார். இந்தியத் தீவுக்கூட்டத்தையும் கீழை ஆசியாவையும் பற்றிய அவ்விதழின் முதல் தொகுதியிலேயே தாம்சனின் கட்டுரை வெளிவந்தது. சிலேத்தார் மக்கள் இருநூறு பேர், நாற்பது படகுகளில், தீவுக்கும் ஜோகூருக்கும் இடைப்பட்ட பழைய நீரிணையிலும் அதன் கழிகளிலும் திரிகின்றனர் என்று அதில் அவர் எழுதினார். படகு இருபது அடிக்கு மேற்படாது. ஒரு தலைப்பில் அடுப்பு. நடுவில் சில பாத்திரங்கள். மறு தலைப்பில் ஓலைப் பாயால் வேய்ந்த ஆறடிக் கூரை. அக்கூரையின் கீழ் ஐந்தாறு பேர் கொண்ட ஒரு குடும்பம் உறங்கும். உடன் ஒரு நாயும் பூனையும் இருக்கும். வற்றுக் காலத்தில் சிறுவர் சேற்றில் இறங்கிச் சிப்பி பொறுக்குவர். நீர் ஏறியதும் கண்டல் மரக் கிளைகளில் ஏறி நீரில் பாய்ந்து விளையாடுவர். சிறுவரின் இந்த மகிழ்ச்சியை மறைக்காமல் எழுதியது தாம்சனின் நேர்மையைக் காட்டுகிறது.

ஆயினும் அக்கட்டுரையின் பெரும்பகுதி ‘இல்லை’ என்னும் சொல்லின்மேல் எழுந்தது. வீடு இல்லை, பயிர் இல்லை, சமயம் இல்லை என்று இல்லாதவற்றை எண்ணி, அவ்வெண்ணிக்கையால் அம்மக்களை மாந்தரினத்தின் கீழ்ப்படியில் வைத்தார் அவர். நில அளவையாளரின் கோல் நிலத்தை அளக்கவல்லது; நீரையே ஊராகக் கொண்டவர் வாழ்வை அளக்க அது போதவில்லை.

அதே கட்டுரையில் அவர் தாமே ஒரு செய்தியையும் பதிந்து சென்றார். அச்சிறு படகின் நெருக்கத்தைச் சுட்டி மலாய்க்காரர்களே இரங்கிப் பேசினராம். ஆனால் இரங்கப்பட்டவர்களோ தம் நிலை இரங்கத்தக்கது என்பதை அறியவில்லையாம். தமக்கு வேண்டியன எல்லாம் அப்படகில் இருப்பதாகவே அவர்கள் வாழ்ந்தனராம். அறியாமை என்று கருதி இதனை எழுதினார் போலும். நமக்கோ இதுவே அக்கட்டுரையின் உயிரான பகுதி. குறையென்று வந்தவர் கண்டது, இருந்தவர்க்குக் குறையாய் இல்லை.

முன்ஷி அப்துல்லாவின் எழுத்து

இக்கடற்குடிகளை எழுத்திற் பதிந்த இன்னொருவர் தமிழர்க்கு அணுக்கமானவர். மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா, யேமனிலிருந்து நாகூர் வந்து அங்கே மணம் புரிந்த அரபு ஆசிரியர் ஒருவரின் வழித்தோன்றல். மலாக்காவிற் பிறந்த அவரை அவர் தந்தையார் தமிழ் கற்க அனுப்பினார். கணக்கு வழக்குக்காகச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது அன்று அவ்வூர் வழக்கம். தாம்சன் அவரோடு பழகியவர்; 1849இல் அச்சான அவர் தன்வரலாற்றின் பல பகுதிகளை 1874இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டவர்.

சிங்கப்பூரின் தொடக்க நாட்களைக் கூறுமிடத்தில் அப்துல்லா கடற்குடிகளைக் குறிக்கிறார். புதியவரைக் கண்டால் அவர்கள் படகை விரைந்து செலுத்தி மறைவர். தப்ப வழியில்லையேல் நீரிற் குதித்து மீன்போல் மூழ்கித் தொலைவில் எழுவர் என்று வியக்கிறார். நாளடைவில் அச்சம் தணிந்து அவர்கள் மீன் கொணர்ந்து விற்கலாயினர் என்றும் எழுதுகிறார். இங்கும் எழுதியவர் கரையில் நிற்கிறார். எழுதப்பட்டவர் நீரில் இருக்கிறார். புதியவரைக் கண்டு அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. காலாங் மக்களைத் தெமெங்கோங் ஜோகூரின் பூலாய் ஆற்றுக்குக் குடிபெயர்த்தார். அங்கே பெரியம்மை அவர்களிற் பெரும்பாலோரை மாய்த்தது.

பனிநாட்டு ஒப்புமை

உலகின் மறுகோடியிலும் இதே காட்சியைக் காணலாம். ஐரோப்பாவின் வடகோடியில் கலைமான் மந்தைகளோடு பருவந்தோறும் இடம்பெயரும் ஸாமி இனத்தாரைக் காண, தாவரவியலறிஞர் லின்னேயஸ் 1732இல் லாப்லாந்து சென்றார். தாம்சன் இகழ்ந்த வகை வாழ்வை லின்னேயஸ் புகழ்ந்தார். அவர்தம் உடல்நலத்தையும் மனநிறைவையும் கண்டு வியந்தார். ஒருவர் இகழ்ச்சியும் மற்றவர் புகழ்ச்சியும் தத்தம் நாட்டவரை மனத்திற் கொண்டு எழுந்தவையே.

மந்தை எங்கே மேயுமோ அங்கே ஸாமி மக்களின் ஊர். படகு எங்கே செல்லுமோ அங்கே சிலேத்தார் மக்களின் ஊர். ஆயினும் இருவரும் கண்டபடி அலைந்தவர் அல்லர். கலைமானுக்குக் கோடையில் ஒரு மேய்ச்சல், குளிரில் ஒரு மேய்ச்சல். படகுக்கு வற்றும் பெருக்கும் காட்டும் வழி. வழி மாறாத இயக்கத்தை அலைச்சல் என்று சொல்வது பொருந்தாது. 1751இல் நார்வே, சுவீடன் நாடுகளிடையே எல்லை வகுத்தபோது, மந்தையோடு அதனைக் கடக்கும் உரிமையை ஸாமி மக்களுக்கு உடன்படிக்கையிலேயே எழுதி வைத்தனர். நூறாண்டுக்குப் பின், 1852இல், நார்வேக்கும் அன்று ரஷ்யப் பேரரசின் கீழிருந்த பின்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லை அடைக்கப்பட்டது. மந்தைகளின் பழைய வழி அறுந்தது.

சிலேத்தார் மக்களின் வழியும் அறுந்தது. சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924இல் முறையாகத் திறக்கப்பட்டது. மனிதரும் சரக்கும் கரைவிட்டுக் கரை செல்ல வழி பிறந்தது. நீரிணை நெடுக மேற்கும் கிழக்குமாய்ச் சென்ற படகுகளுக்குக் குறுக்கே கற்சுவர் எழுந்தது. படகுகள் கடந்துசெல்லச் சிறு மதகுவழி ஒன்று அமைத்திருந்தனர். 1942இல் போரில் தகர்க்கப்பட்ட பின் அது மீண்டும் இயங்கவில்லை. நீரிணையின் தென்கரையில் 1928இல் சிலேத்தார் விமானத் தளமும், 1938இல் செம்பவாங் கடற்படைத் தளமும் வந்தன. 1965இல் நீரிணை இரு நாடுகளின் எல்லையாயிற்று. 1986இல் சிலேத்தார் ஆற்றின் முகத்துவாரம் அணையால் மூடப்பட்டு நீர்த்தேக்கம் ஆயிற்று. அம்மக்களில் சிலர் சிங்கப்பூர் மலாய்ச் சமூகத்தோடு கலந்தனர். மற்றையோர் ஜோகூர்க் கரையில் தங்கினர். சுங்கை தெமோன், பக்கார் பத்து, சிம்பாங் ஆராங் முதலிய கிராமங்களில் அவர்கள் இன்றும் வாழ்கின்றனர். மலேசியாவில் பழங்குடிகளாக ஏற்கப்பட்ட 18 இனங்களுள் அவர்களும் ஒருவர்.

இடம்பெயர்வோர்க்கு இடம் உண்டா?

கரையேறிய பின்னும் துன்பம் விடவில்லை. ஜோகூர் பாருவின் கடலோரத்தில் புதிய கட்டடங்கள் எழுந்தபோது, அந்நிலத்தில் சிலேத்தார் மக்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வி எழுந்தது. அவர்களிடம் பத்திரம் இல்லை. ஆனால் பல தலைமுறையின் புழக்கம் இருந்தது. அவர்கள் தொடுத்த வழக்கில், 2017இல், ஜோகூர் பாரு உயர் நீதிமன்றம் அவர்களுடைய வழக்காற்று நில உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தது. மூன்றாண்டுக்குப் பின், 2020 ஜனவரியில், சுவீடனின் உச்ச நீதிமன்றம் கீர்யாஸ் என்னும் ஸாமி மேய்ச்சல் சமூகத்துக்கு, அதன் நிலத்தில் வேட்டைக்கும் மீன்பிடிக்கும் அனுமதி வழங்கும் உரிமை உண்டு என்றது. பனிநாட்டிலும் வெப்பநாட்டிலும் எழுந்த கேள்வி ஒன்றே: ஓரிடத்தில் தங்காதவர்க்கு இடமே இல்லையா? இரு நீதிமன்றங்களும் ‘உண்டு’ என்றே விடையளித்தன.

இவ்விடையைத் தமிழ் கற்றோர் எளிதில் உணரலாம். தொல்காப்பியர் நிலத்தை வகுத்தபோது, அவ்வந்நிலத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருளாக ஒருங்கே வைத்தார். மருதத்து உழவரை ஒரு படி ஏற்றி, முல்லை ஆயரையும் நெய்தற் பரதவரையும் ஒரு படி இறக்கி அவர் வைக்கவில்லை. அக்கண்கொண்டு நோக்கின், கண்டல் மரமும், சிப்பியும், வேட்டை நாயும், இருபதடிப் படகும் தம்முள் இயைந்த ஒரு திணையாகவே தோன்றும். தாம்சனுக்கு ‘இல்லை’ என்று பட்ட இடமெல்லாம் நமக்கு ‘இது உண்டு’ என்று புலப்படும்.

எனினும் தாம்சனை நாம் ஒதுக்கிவிடல் ஆகாது. இருநூறு பேர், நாற்பது படகுகள், இன்ன நீரிணை என்று 1847இல் அவர் எழுதி வைத்ததனாலேயே, அந்நீரும் கழியும் ஆளற்றுக் கிடந்தன என்று எவரும் சொல்ல இயலாது. தாழ்த்த எழுதிய ஏடே இன்று சான்றாய் நிற்கிறது. பயண நூல்களை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், கண்டவன் சொன்னதையும் காணப்பட்டவன் வாழ்ந்ததையும் பிரித்துக் காட்டினால், சிலேத்தார், காலாங் என்று நாம் நாளும் வழங்கும் ஊர்ப் பெயர்கள், அவற்றைத் தாங்கிய மக்களையும் சேர்த்தே நினைவுபடுத்தும்.