எலிக்கு வழி மறித்த கதை

நான்கு சக்கரங்களின் மேல் ஒரு வீடு. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை எல்லாம் அதற்குள் அடக்கம். படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்காக நிற்கும் 'கேரவன்' வண்டியை நம்மில் பலர் தொலைவிலிருந்தாவது பார்த்திருப்போம். 2021ஆம் ஆண்டில் கேரள அரசு இத்தகைய வண்டிகளைச் சுற்றுலாவுக்கும் கொண்டுவரத் திட்டம் வகுத்தது. அப்போது பாரத்பென்ஸ் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்ட ஒரு கேரவனும் அறிமுகமாயிற்று. அந்த அடிச்சட்டம் பிறக்கும் இடம் நமது ஒரகடம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் பயணம் செய்தவர்கள் அந்தத் தொழிற்சாலைகளின் நீண்ட மதில்களை அறிவார்கள்.

வீடு என்று ஒன்றைக் கட்டிவிட்டால், அழைக்காமலே வந்து சேரும் விருந்தாளி ஒருவர் உண்டு. அவர் வண்டி வீட்டையும் விடுவதில்லை. மெத்தையின் பஞ்சைப் பிடுங்கிக் கூடு கட்டுவார்; சிந்திய சோற்றுப் பருக்கையில் குடும்பம் நடத்துவார்; மின்கம்பியின் உறையைக் கொறித்துச் செம்பை வெளிக்காட்டுவார். இரண்டு கம்பிகளின் செம்பு ஒன்றையொன்று தொட்டால் மின்குறுக்கு ஏற்பட்டுத் தீப்பிடிக்கும். எலியின் சிறுநீர் வழியே பரவும் எலிக்காய்ச்சல் உயிரையே வாங்கக்கூடும். ஆகவே இது சிரித்துத் தள்ளும் செய்தி அன்று.

எலி ஏன் கொறிக்கிறது? பசியால் மட்டுமே என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் எலியின் முன்புறத்து வெட்டுப்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. ஓர் ஆண்டில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் வளரும்! தேய்க்காவிட்டால் வாயை மூடவே முடியாது. இப்பல்லின் முன்பக்கத்தில் மட்டும் எனாமல் என்னும் கடினப் பூச்சு இருக்கிறது. பின்பக்கம் மென்மையான டென்ட்டீன். பின்பக்கம் விரைவாகவும் முன்பக்கம் மெதுவாகவும் தேய்வதால் பல் எப்போதும் உளி போலக் கூர்மையாகவே இருக்கும். தச்சர் தம் உளியைத் தீட்டக் கல்லைத் தேடுகிறார். எலியின் உளியோ வேலை செய்யும்போதே தன்னைத் தீட்டிக்கொள்கிறது.

பொருள்களின் கடினத்தன்மையை ஒப்பிட மோஸ் அளவுகோல் என ஒன்று உண்டு. அதில் நம் நகத்தின் மதிப்பு சுமார் 2.5. அலுமினியமும் செம்பும் 3ஐ ஒட்டியவை. பல்லின் எனாமலோ சுமார் 5. அப்படியிருக்க பிளாஸ்டிக், ரப்பர், மரம், ஈயக்குழாய் ஆகியன எந்த மூலைக்கு? இரும்புத் தகடு மட்டும் ஏன் தப்புகிறது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. கடினத்தன்மை பாதி விடைதான். மீதிப் பாதி விளிம்பில் இருக்கிறது. எலியின் பல் ஏதேனும் ஒரு விளிம்பைக் கவ்வினால்தான் வேலையைத் தொடங்க முடியும். வழுவழுப்பான தகட்டில் பல்லுக்குப் பிடி கிடைப்பதில்லை. 'அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது' என்று பள்ளியில் படித்தோம் அல்லவா? உளிமுனை எவ்வளவு கூராக இருந்தாலும், விசையைச் செலுத்த ஊன்றுமிடம் வேண்டும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். எலியைக் கொல்வதைவிட அதன் வழியை மறிப்பது எளிது என்பதை மனிதர்கள் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டனர். ஜப்பானில் நெல் பயிரிடத் தொடங்கிய யாயோய் காலத்து மக்கள் தானியக் கிடங்குகளை உயர்ந்த மரத்தூண்களின் மேல் கட்டினார்கள். ஒவ்வொரு தூணின் உச்சியிலும் அகன்ற பலகை ஒன்றைக் கிடையாகப் பொருத்தினார்கள். தூணில் ஏறிவரும் எலி பலகையின் அடிப்பக்கத்தை அடைந்ததும், தலைகீழாக நடக்க வழியின்றித் திரும்பிவிடும். அப்பலகைக்கு ஜப்பானிய மொழியில் 'எலியைத் திருப்புவது' என்றே பெயர். இங்கிலாந்தின் உழவர்கள் இதே கருத்தைக் கல்லில் செய்தனர். அங்கே பழைய களஞ்சியங்கள் காளான் வடிவக் கற்களின் மேல் நிற்பதை இன்றும் காணலாம்.

நம் நாட்டில் வேறு வழி. தஞ்சை மாவட்டம் பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வட்டமாக எழுப்பிய சுவர், மேலே கூம்பு. திருவரங்கம் கோயிலிலும் வட்ட வடிவக் களஞ்சியங்கள் உள்ளன. நெல் வெளிப்புறம் தள்ளும் விசையைத் தாங்க வட்டச்சுவரே ஏற்றது என்பது பொறியியல் காரணம். ஆனால் எலி திறந்த வெளியில் ஓடாமல் மூலை முடுக்குகளை ஒட்டியே நடமாடும் பிராணி. உள்ளே மூலையே இல்லாத கட்டடம் அதற்கு எவ்வளவு அசௌகரியம்! இதை எண்ணித்தான் வட்டமாகக் கட்டினார்களா என்று சொல்ல நான் துணியமாட்டேன். பயன் என்னவோ கிடைத்திருக்கிறது. வீடுகளில் இருந்த குதிரும் பத்தாயமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

எலியைத் தடுப்பது உழவரின் கவலையாக இருந்த நிலையை மாற்றி, உலக அரசுகளின் கவலையாக்கியது பிளேக் நோய். 1894இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் யெர்சின் நோய்க்கிருமியைக் கண்டறிந்தார். 1896இல் அந்நோய் பம்பாய்க்கு வந்தது. எலிகள் செத்து விழுந்த வீடுகளில் மனிதர்களும் மாண்டார்கள். ஆனால் நோய் எலியிலிருந்து மனிதனுக்கு எப்படித் தாவுகிறது? இந்தக் கேள்விக்கு 1898இல் கராச்சியில் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன் ஓர் அழகிய சோதனை மூலம் விடை கண்டார். பெரிய கண்ணாடிச் சாடியின் அடியில் தெள்ளுப்பூச்சிகள் நிறைந்த, நோயுற்ற எலியை விட்டார். நோயற்ற எலி ஒன்றைக் கம்பிவலைக் கூண்டில் இட்டு மேலே தொங்கவிட்டார். இரண்டும் ஒன்றையொன்று தொட இயலாது. கீழே இருந்தது செத்தது. சில நாட்களில் மேலே இருந்ததும் பிளேக் கண்டு செத்தது. இடையில் தாவக்கூடியவை தெள்ளுப்பூச்சிகள் மட்டுமே. அன்று பலர் இதை நம்பவில்லை. 1905 முதல் பம்பாயில் பணியாற்றிய பிளேக் ஆய்வுக்குழு அவர் கூற்றை உறுதி செய்தது.

அதன் பின்னர் கப்பல்கள் மேல் கண்காணிப்பு விழுந்தது. துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் கயிற்றின் வழியே எலி ஏறும், இறங்கும். எனவே கயிற்றின் நடுவில் அகன்ற வட்டத் தகடு ஒன்றை மாட்டினார்கள். பாருங்கள், பழைய ஜப்பானியப் பலகையேதான்! 1926ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுகாதார உடன்படிக்கை, கப்பல்கள் எலி நீக்கச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று விதித்தது. இக்காலத்தில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் ஒரு படி மேலே சென்றனர். நச்சுப்புகையிட்டு எலியைக் கொன்றாலும் அடுத்த துறைமுகத்தில் புதிய எலி ஏறிவிடுகிறது. அது தங்குவதற்கு இரட்டைச் சுவர்களின் இடைவெளியும், குழாய் செல்லும் துளைகளும் காத்திருக்கின்றன. அந்த இடைவெளிகளையே இல்லாமல் செய்து கப்பலைக் கட்டினால் என்ன? அவ்வாறு கட்டினார்கள், பயனும் கண்டார்கள். என்னைக் கேட்டால், எலி வரலாற்றின் தலைசிறந்த கருத்து இதுதான். பகைவனைத் துரத்தாமல் அவன் தங்கும் அறையை எடுத்துவிடுவது!

மோட்டார் வண்டி இப்பாடத்தை வெகுநாள் கற்கவில்லை. 1970களின் இறுதியில் சுவிட்சர்லாந்தில் 'மார்ட்டன்' என்னும் கீரி போன்ற பிராணி கார்களின் கம்பிகளையும் ரப்பர்க் குழாய்களையும் கடிப்பது செய்தியாயிற்று. பின்னர் ஜெர்மனியிலும் இது பெருந்தொல்லையாக வளர்ந்தது. அமெரிக்காவில், சோயாவிலிருந்து செய்த மின்காப்பு உறைதான் எலியை ஈர்க்கிறது என்று கார் நிறுவனங்கள் மேல் வழக்குகள் தொடர்ந்தார்கள். ரப்பரையும் ஈயத்தையும்கூட விடாத பல்லுக்கு சோயா ஒரு சாக்கா என்ன? ஹோண்டா நிறுவனம் மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் தடவிய ஒட்டுநாடா ஒன்றைக் கம்பிகளில் சுற்றுவதற்கென்றே விற்கிறது. நம் வீட்டுப் பாட்டிமார்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

மீண்டும் ஒரகடத்துக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் 1998இல் வெளிவரத் தொடங்கின. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இலும், பாரத்பென்ஸ் ஆலை 2012இலும் திறக்கப்பட்டன. அதற்கு முன் இப்பகுதி ஏரிப்பாசன நிலம். நெல் வயலின் வரப்பில் வளை தோண்டி, கதிர்களைக் கிலோக் கணக்கில் உள்ளே சேமிக்கும் எலி இங்கு உண்டு. பெருச்சாளியின் சிற்றினமான அதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'பேண்டிகூட்' என்ற பெயர், பன்றியெலி என்று பொருள்படும் 'பந்திகொக்கு' என்னும் தெலுங்குச் சொல்லிலிருந்து போனதாகும்.

இவ்வெலியை நன்கறிந்தவர்கள் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பகுதிகளின் இருளர் மக்கள். வளை வாயிலின் மண்ணைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். எலி இறைச்சி உணவாகும். வளையில் கிடைக்கும் நெல்லும் அவர்களுக்கே. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், தொடர்ந்து வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அவர்களுடைய பாம்பு பிடிக்கும் தொழிலைப் பறித்தன. 1978இல் அவர்களுக்காக ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்து, பாம்பைக் கொல்லாமல் நஞ்செடுக்கும் பணி பிறந்தது. எலி பிடிப்பதோ பழைய முறையிலேயே நீடித்தது. துளையிட்ட மண்பானையில் வைக்கோலை எரித்து, வாயால் ஊதிப் புகையை வளைக்குள் செலுத்த வேண்டும். கையும் உதடும் சுடும். புகை நெஞ்சில் இறங்கும். 2003இல் உலக வங்கியின் புதுமைத் திட்டப் போட்டி ஒன்றில், சென்னையைச் சேர்ந்த தொண்டு நிறுவனம் ஒன்று கையால் சுழற்றும் விசிறி பொருத்திய எஃகுக் கருவியை முன்வைத்துப் பரிசுநிதி பெற்றது. வாயின் வேலையை விசிறி செய்தது. ஆனால் வயல் இருந்தால்தானே வளை? வயல் ஆலையாகும்போது இருளரின் தொழில் சுருங்குகிறது; எலியின் தொழில் சுருங்குவதில்லை. அது கிடங்குக்கும் உணவுக்கூடத்துக்கும், நிறுத்தி வைத்த வண்டிக்கும் குடிபெயர்ந்துவிடுகிறது. இருளர் சமூகத்தைச் சேர்ந்த பாம்பு வல்லுநர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. எலியை அறிந்தவர்களுக்கு ஆலைகளின் காவலில் ஓர் இடம் தரலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இவ்விடத்தில் நச்சைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 நவம்பரில், இதே காஞ்சிபுரம் மாவட்டத்தின் குன்றத்தூரில், எலிமருந்து வைத்த வீட்டில் குளிரூட்டியை இயக்கி உறங்கிய ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்து போயின. எலிமருந்துகளில் சில, ஈரம் பட்டால் பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளிவிடுபவை. அதன் மூலக்கூற்று எடை 34. காற்றின் சராசரி 29. சற்றே கனமான அவ்வாயு, மூடிய அறையில் வெளியேற வழியின்றித் தங்கும். அறைக்குளிரூட்டி பெரும்பாலும் உள்ளிருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்புகிறது. கேரவனின் கொள்ளளவோ ஓர் அறையைவிடச் சிறியது. படுக்கைக்குக் கீழே நச்சை வைத்து, மேலே உறங்குவதைப் போன்ற துணிச்சல் வேறில்லை. நச்சுண்ட எலி சுவரிடுக்கில் செத்து நாறுவது தனிக்கதை.

மீயொலி எழுப்பும் கருவிகளும் கடைகளில் உள்ளன. எலிக்கு நம்மால் கேட்க முடியாத ஒலியும் கேட்கும் என்பது மெய்யே. ஆனால் 40,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் உள்ள ஒலியின் அலைநீளம் 340ஐ 40,000ஆல் வகுத்தால் கிடைக்கும் 8.5 மில்லிமீட்டர். இவ்வளவு குறுகிய அலை ஓர் அட்டைப்பெட்டியைக்கூட வளைந்து கடக்காது. மெத்தை அதை விழுங்கிவிடும். பெட்டிக்குப் பின்னால் ஒலிநிழல் விழும். எலி அந்நிழலில் இருந்துகொள்ளும். சில நாட்களில் ஒலிக்கே பழகியும் விடும். 2001இல் அமெரிக்க வணிக ஆணையம் இக்கருவி விற்போர் அறுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கை அனுப்பியது.

எஞ்சுவது அந்தப் பழைய வழியே. ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள். பென்சில் நுழையும் துளையில் சுண்டெலி நுழையும். ஆறு மில்லிமீட்டர் அதற்குப் போதும். தண்ணீர்க் குழாய், எரிவாயுக் குழாய், மின்கம்பிக் கற்றை ஆகியவை தரையைத் துளைக்கும் இடங்களே அதன் தலைவாசல்கள். நுரைப்பொருள் மட்டும் அடைத்தால் ஓரிரவில் குடைந்துவிடும். எஃகுக் கம்பிப்பஞ்சைத் திணித்து, அதன்மேல் தகட்டைத் திருகி, விளிம்பு வெளியே தெரியாமல் பூசிவிட வேண்டும். காற்றுத் துளைகளுக்கு நெருக்கமான எஃகு வலை போடலாம். வெளி மின்சாரத்துக்காக இழுத்த கம்பியும் கப்பல் கயிறே. அதற்கும் ஒரு தகடு மாட்டலாம். உணவை மூடிய டப்பாக்களில் வைப்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஒரகடத்தில் செய்யப்படும் நிசான் கார்கள் 2010 முதல் எண்ணூர்த் துறைமுகத்தில் கப்பலேறின. கார் உள்ளே போவது அகன்ற சாய்தளத்தின் வழியாக. எலி போகக்கூடிய வழி கரையிலிருந்து நீளும் கயிறு. துறைமுகம் எதுவானாலும், அக்கயிற்றில் தொங்கும் வட்டத் தகட்டை நின்று பாருங்கள். ஜப்பானிய உழவரின் பலகைக்கும் அதற்கும் இடையில் இரண்டாயிரம் ஆண்டுகள் இருக்கின்றன. வடிவத்தில் வேறுபாடு அதிகம் தெரியாது.