படிகள் மறைந்த வரலாறு

எமது ஊர்களிலே தொடருந்து என்றால் அது தூரப் பயணத்துக்கு உரிய வாகனம். அதற்காகப் பயணப்பை கட்டுவோம், கட்டுச்சோறு எடுப்போம், வழியனுப்ப உறவினர் நிலையம் வரை வருவார்கள். காலையில் வேலைக்குப் போவதற்கும் மாலையில் மரக்கறி வாங்கித் திரும்புவதற்கும், சில நிமிடங்களுக்கு ஒரு தடவை வந்து நிற்கின்ற தொடருந்தை எம்மிற் பலர் புலம்பெயர்ந்த பின்னரே கண்டோம். பிராங்பேர்ட்டில் வாழ்கின்ற எமது குடும்பங்களுக்கு அதன் பெயர் ‘ஊ-பான்’. யேர்மன் மொழியில் எமக்கு முதலில் மனப்பாடமான சொற்களுள் அதன் தரிப்பிடப் பெயர்களும் அடங்கும்: ஹவுப்ட்வாஹே, கொன்ஸ்டாப்ளர்வாஹே, போர்ன்ஹைம்.

2016 ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் அந்த ஊ-பானின் முதலாம் தலைமுறைப் பெட்டிகள் சேவையிலிருந்து விடைபெற்றன. யேர்மனியர் பலர் நிழற்படக் கருவிகளுடன் வந்து அவற்றை வழியனுப்பினர். எம்மவரில் மிகச் சிலரே அதனைக் கவனித்திருப்போம். ஆயினும் அந்தப் பெட்டிகள் ஏன் வந்தன, ஏன் போயின, அவற்றின் இடத்துக்கு வந்தவை எதனை மாற்றின என்பவற்றை அறிந்துகொள்வது, நாம் குடியேறிய நகரத்தை அறிந்துகொள்வதாகும்.

இரண்டாம் உலகப் போரில், குறிப்பாக 1944 மார்ச் மாதக் குண்டுவீச்சுகளில், பிராங்பேர்ட்டின் பழைய நகரம் தரைமட்டமாயிற்று. போருக்குப் பின் நகரம் விரைவாக எழுந்தது. வங்கிகளும் வணிக நிலையங்களும் பெருகின. மோட்டார் வாகனங்களும் பெருகின. ரிராம் வண்டிகள் தெரு நெரிசலில் அகப்பட்டு நின்றன. நிலத்துக்கு மேலே ஒற்றைத் தண்டவாளத்தில் ஓடும் தொடருந்தா, ரிராமையே சுரங்கத்துக்குள் இறக்குவதா, முழுமையான நிலக்கீழ்த் தொடருந்தா என்ற விவாதம் மாநகரசபையில் எழுந்தது. 1961 இல் ஒரு நடுவழி தெரிவு செய்யப்பட்டது. நகர மையத்தில் சுரங்கம் அமைப்பது. வெளிப்புறத்தில் இருக்கின்ற ரிராம் பாதைகளையே தற்போதைக்குப் பயன்படுத்துவது. வசதி வரும்போது படிப்படியாக மேம்படுத்துவது என்பதே அத்தெரிவு. அக்காலத்தில் போக்குவரத்துப் பொறுப்பை வகித்து, பின்னர் 1970 இல் நகர முதல்வரான வால்ரர் மொல்லர் இத்திட்டத்தை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர். 1963 யூன் மாதம் எஷர்ஸ்ஹைமர் வீதியில் நிலம் தோண்டப்பட்டது. 1968 ஒக்ரோபர் 4 ஆம் நாள் ஹவுப்ட்வாஹேக்கும் நோர்ட்வெஸ்ட் புதுநகருக்கும் இடையில் முதல் ஊ-பான் ஓடியது.

அந்நாளில் ஓடியவை ‘ஊ-2’ எனப்பட்ட பெட்டிகள். டூவாக் நிறுவனம் அவற்றைக் கட்டியது. ஒவ்வொன்றும் 23 மீற்றர் நீளமும் 2.65 மீற்றர் அகலமும் உடையது. பத்தாண்டு காலத்தில் இவ்வகையில் 104 பெட்டிகள் பிராங்பேர்ட்டுக்கு வந்து சேர்ந்தன. சுரங்கத்திலும் தெருவிலும் ஓடக்கூடிய இப்பெட்டியின் புகழ் கடல் கடந்தது. கனடாவின் எட்மன்ரன் நகரம் 1978 இலும், கல்கரி 1981 இலும், அமெரிக்காவின் சான் டியாகோ அதே 1981 இலும் இந்த ஊ-2 வகையைக் கொண்டே தமது நகரத் தொடருந்துகளைத் தொடங்கின. சான் டியாகோவில் ஓடி ஓய்ந்த பெட்டிகள் ஆர்ஜன்ரீனாவின் மெண்டோசா நகருக்கு விற்கப்பட்டு, 2012 முதல் அங்கே மறுவாழ்வு பெற்றன. அகதிக்கு மட்டுமன்றி, ஒரு பெட்டிக்கும் இரண்டாவது நாடு வாய்ப்பதுண்டு.

ஆனால் அந்தப் பெட்டியில் ஒரு குறை இருந்தது. அதன் தளம் தண்டவாளத்திலிருந்து 97 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தது. முதற் சுரங்க நிலையங்களின் மேடையோ 56 சென்ரிமீற்றர் உயரமே. தெருத் தரிப்பிடங்களில் மேடை அதைவிடவும் பதிவாக இருந்தது. எனவே பெட்டியின் வாசலிலே படிகள் வைக்கப்பட்டன. இளைஞருக்கு அது ஒரு பொருட்டன்று. முழங்கால் நோவுடைய முதியவருக்கும், பிள்ளை வண்டிலுடன் நின்ற தாய்க்கும், சக்கர நாற்காலியில் இருந்தவருக்கும் அந்த 41 சென்ரிமீற்றர் ஒரு மதில். ஒரு கையில் குழந்தையையும் மறு கையில் அரிசிப் பையையும் பிடித்தபடி நிற்கும் பெண், வண்டிலின் முன்சில்லைத் தூக்கிவிட யாராவது வருவார்களா என்று பார்த்து நிற்கும் காட்சியை அக்காலத்தில் ஐரோப்பாவின் பல நகரங்களிற் காணலாம். பொதுப் போக்குவரத்து என்பது எல்லோருக்கும் பொதுவானதாக இருக்கவில்லை. யார் ஏறலாம் என்பதை அறிவித்தல் பலகை அன்று, படியின் உயரமே தீர்மானித்தது.

இக்குறையைத் தீர்ப்பது பெட்டியை மட்டும் மாற்றுவதால் ஆகாது. பெட்டியின் தளம், மேடையின் உயரம், பாதையின் அகலம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் இடிக்கும். 1980 இல் திறக்கப்பட்ட புதிய சுரங்கப் பாதைக்கு உயர்ந்த மேடைகள் கட்டப்பட்டன. அதற்கென ‘ஊ-3’ வகையில் 27 பெட்டிகள் படிகள் இன்றி வந்தன. 1994 முதல் 1998 வரை ‘ஊ-4’ வகையில் 39 பெட்டிகள் தளத்தைத் தாழ்த்தி, 87 சென்ரிமீற்றரில் வந்தன. அதன்பின் 80 சென்ரிமீற்றர் மேடை என்ற அளவு நகரத்தின் பொது நியமமாயிற்று. நிலையம் நிலையமாக மேடைகள் உயர்த்தப்பட்டன. பழைய ஊ-2 பெட்டிகள் பலவற்றின் வாசல்களும் புதிய மேடைக்கு ஏற்பத் திருத்தப்பட்டன.

ஐந்தாம் இலக்கப் பாதை இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு. எக்கன்ஹைமர் வீதி வழியே செல்லும் அப்பாதையில் 2.35 மீற்றர் அகலமுள்ள ரிராம் பெட்டிகளே நெடுங்காலம் ஓடின. 2.65 மீற்றர் பெட்டிகளுக்காகக் கட்டப்பட்ட சுரங்க மேடையில் அவை நின்றபோது பக்கத்துக்கு 15 சென்ரிமீற்றர் இடைவெளி விழுந்தது. கால் தவறும் ஆபத்தை நீக்க, கதவடியில் பலகை போன்ற நீட்சிகள் பொருத்தப்பட்டன. மாற்றுவதற்கு வசதி வரும்வரை ஒட்டுப்போட்டுச் சமாளிப்பது ஏழைக் குடும்பங்களின் வழக்கம் மட்டுமன்று. செல்வந்த நகரமும் அவ்வாறே செய்தது. இந்தப் பெட்டிகளும் 2016 இலேயே விடைபெற்றன.

நாம் இங்கு வந்து சேர்ந்தது இந்த மாற்றங்களின் நடுப்பகுதியிலே. 1983 யூலைக்குப் பின்னர் புறப்பட்டவர்களிற் பலர் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்ரிக் வீதி நிலையத்தில் நகரத் தொடருந்து ஏறியே மேற்கு பேர்லினை அடைந்தனர். நகரப் பிரிவினையைச் சர்வதேச எல்லையாக ஏற்காத மேற்குத் தரப்பு அங்கே கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. விசா இல்லாத தமிழரை அவ்வழியாகக் கொண்டுவருவதை 1985 இல் கிழக்கு யேர்மனி நிறுத்தியது. அதற்கு முன் வந்த எம்மவர் எத்தனையோ பேருக்கு அடைக்கலம் என்பது சில தரிப்பிடத் தூரமாகவே இருந்தது. பின்னர் மாநிலங்களுக்குப் பகிர்ந்து அனுப்பப்பட்டபோது, 1982 ஆம் ஆண்டின் புகலிடச் சட்டப்படி, குறித்த மாவட்டத்தை விட்டு வெளியே செல்ல அனுமதி வேண்டியிருந்தது. ஊர் எல்லை தாண்ட உரிமையற்றிருந்த காலத்தில், எல்லைக்கு உட்பட்ட நகரத் தொடருந்து எமக்கு எவ்வளவு பெரிய சுதந்திரமாகத் தோன்றியது என்பதை அனுபவித்தவர் அறிவர்.

ஒரு பெட்டியின் ஆயுள் பொதுவாக முப்பது, நாற்பது ஆண்டுகள். வெளியே பூசிய வர்ணம் புதிதாக இருக்கலாம். உள்ளே உலோகம் களைத்துவிடும், துருப்பிடிக்கும், மின்கம்பிகளின் உறை வெடிக்கும். உதிரிப்பாகம் செய்த தொழிற்சாலையே மூடப்பட்டுவிடும். பிறகு பத்து வண்டிகளை ஓட்ட இரண்டு வண்டிகளைக் கழற்றவேண்டிய நிலை வரும். அந்த நிலைக்கு வரும்வரை பிராங்பேர்ட் காத்திருக்கவில்லை. 2006 இல் பொம்பார்டியே நிறுவனத்திடம் ‘ஊ-5’ வகைப் பெட்டிகளுக்கு ஆணை கொடுக்கப்பட்டது. சக்சனி மாநிலத்தின் பவுட்சன் நகரிற் கட்டப்பட்ட அவை 2008 முதல் வரத் தொடங்கின. பின்னர் ஆணை விரிவாக்கப்பட்டு இருநூறுக்கும் அதிகமான பெட்டிகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் 25 மீற்றர். இரண்டு இரண்டாக இணைக்கப்பட்டவற்றில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு உள்ளாகவே நடந்து செல்லலாம். பிறேக் பிடிக்கும்போது உண்டாகும் மின்சாரம் மீண்டும் மின்கம்பிக்கே திரும்புகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலிலே படி இல்லை. 80 சென்ரிமீற்றர் மேடையும் 87 சென்ரிமீற்றர் தளமும் ஏறத்தாழ ஒரே மட்டம். 1968 இல் 41 சென்ரிமீற்றராக இருந்த வித்தியாசம் 7 சென்ரிமீற்றராகக் குறைய ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்றது.

உரிய காலத்தில் மாற்றாவிட்டால் என்ன நடக்கும்? அதற்கும் எம்மவர் வாழும் இடத்திலேயே சான்று உண்டு. கனடாவில் தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோவில் 1985 இல் திறக்கப்பட்ட இலகு தொடருந்தின் பெட்டிகள் தமக்குரிய ஆயுளைத் தாண்டியும் ஓடின. அதற்குப் பதிலாக எதைக் கட்டுவது என்று அரசியலாளர் பல ஆண்டுகள் விவாதித்தனர். திட்டங்கள் மாறிமாறி வந்தன. 2023 யூலை 24 ஆம் நாள் ஒரு பெட்டி தண்டவாளத்தை விட்டு விலகியது, சிலர் காயமடைந்தனர். அதே ஆண்டு நவம்பரில் மூடப்படவிருந்த அந்தப் பாதை அன்றோடு நின்றுபோனது. புதிய சுரங்கப் பாதை முடியுமுன்னரே மக்கள் பஸ் வண்டிகளுக்குத் தள்ளப்பட்டனர். முடிவெடுக்கத் தவறிய ஆண்டுகளுக்கான விலையை முடிவெடுப்பவர்கள் கொடுப்பதில்லை. விடியற்காலையில் வேலைக்குப் புறப்படுபவர்களே கொடுக்கிறார்கள்.

எமக்கோ இதைவிடக் கொடிய அனுபவம் உண்டு. 1905 இல் காங்கேசன்துறை வரை முழுமை பெற்ற வடபகுதிப் பாதையில் 1956 முதல் ‘யாழ்தேவி’ ஓடியது. 1990 யூனில் போரினால் அது நின்றது. பெட்டிகள் முதுமையடைந்து போகவில்லை, பாதையே போய்விட்டது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. நிலையங்கள் சுவர்களாயின. ஒரு தலைமுறை, தொடருந்து என்ற சொல்லைப் பாடப் புத்தகத்தில் மட்டும் படித்து வளர்ந்தது. 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 யனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி திரும்பியபோது, இருபத்து நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதே இரண்டாண்டு இடைவெளியில்தான் பிராங்பேர்ட் தனது பழைய பெட்டிகளுக்கு விடைகொடுத்தது. ஓரிடத்தில் பழையது முறையாக ஓய்வு பெற்றது. மற்றோரிடத்தில் இழந்தது காலம் கடந்து மீண்டது. இரண்டையும் ஒருசேரக் கண்டவர்கள் நாம்.

ஆகையால் ஒரு பொதுச் சொத்து தன்பாட்டில் நிலைத்திருக்கும் என்று நாம் எண்ணக்கூடாது. யாரோ கணக்கிட்டு, யாரோ வரி கொடுத்து, யாரோ இரவில் மேடையை உயர்த்தியதால்தான் காலையில் வண்டி வருகிறது. அந்த வரியில் எமது உழைப்பும் உண்டு. அந்த வண்டியைச் செலுத்துவோரிலும் துப்புரவு செய்வோரிலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் உண்டு. எனவே தரிப்பிடத்துக்கு மின்தூக்கி வேண்டும், பாதை நீட்டப்பட வேண்டும் என்று அயலவர் கூட்டங்களிற் பேசப்படும்போது, அது ‘அவர்களுடைய’ விடயம் என்று நாம் ஒதுங்கி நிற்பது தகாது.

1994 இல் வந்த ஊ-4 வகையின் முதற் பெட்டிகள் இப்போது முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டன. அடுத்து விடைபெறப் போகின்றவை அவையே. எமது பிள்ளைகளிற் பலர் பாடசாலைக்குச் சென்றது அவற்றிலேதான். அவை போகுமுன் ஒருநாள் பேரப்பிள்ளைகளை அழைத்துச் சென்று அந்தப் பெட்டியில் அமர்த்துவோம். எந்தத் தரிப்பிடத்தில் நாம் முதன்முதல் இறங்கினோம், எவர் எமக்கு வழி காட்டினார், எந்தப் படியில் யார் கைகொடுத்தார் என்பதைச் சொல்லிக்கொடுப்போம். படி மறைந்ததைப் பற்றிக் கவலைப்பட எதுவும் இல்லை. கைகொடுத்தவரை மறவாமல் இருந்தாற் போதும்.