நான்கு தந்திகளின் குரல்: ஜான் என்ட்விசிலும் ராக் இசையின் பேஸ் ஒலியும்

1965-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 'மை ஜெனரேஷன்' பாடலின் நடுவே, வழக்கமாகக் கிட்டார் தனித்து ஒலிக்கும் இடத்தில் பேஸ் கிட்டார் ஒலிக்கிறது. வாசித்தவர் தி ஹூ என்னும் இலண்டன் குழுவின் ஜான் என்ட்விசில். அப்போது அவருக்கு வயது 21. அதுவரை பின்னணியில் நின்ற ஒரு கருவி முன்னுக்கு வந்து பேசிய தருணம் அது.

பேஸ் கிட்டார் பேசுவதற்காகப் பிறந்த கருவியன்று. ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்த கலைஞர்களின் சிரமத்தைக் குறைக்கவே, கலிபோர்னியாவின் லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸை வெளியிட்டார். தட்டைக் கம்பி சுற்றிய அன்றைய தந்திகள் மழுங்கிய, உருண்ட ஒலியையே தந்தன. மிகத் தடித்த தந்தியின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். சிறிய வானொலிப் பெட்டிகளின் ஒலிபெருக்கியால் அதனை எழுப்ப இயலாது. ஆகவே, பேஸ் பெரும்பாலும் உணரப்பட்டதேயன்றித் தெளிவாகக் கேட்கப்படவில்லை.

இங்கு ஒலியியலின் எளிய உண்மையொன்று உதவும். ஒரே சுருதியில் 'அ' என்றும் 'இ' என்றும் ஒருவர் ஒலித்தால், அடிப்படை அதிர்வெண் மாறுவதில்லை. அதன் மேலுள்ள மேற்சுரங்களுள் எவை ஓங்குகின்றன என்பதே மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொண்டே செவி உயிரொலிகளைப் பிரித்தறிகிறது. இசைக்கருவியின் குரலும் அவ்வாறே மேற்சுரங்களால் அமைகிறது. மேற்சுரங்கள் தெளிவாக இருப்பின், அடிப்படைச் சுரம் எழாத சிறு ஒலிபெருக்கியிலும் செவி அச்சுரத்தை உய்த்துணர்ந்துகொள்ளும்.

என்ட்விசில் தேடியது இந்த மேற்சுரங்களையே. அத்தேடலுக்குக் காரணம் அவருடைய குழுவின் அமைப்பு. கிட்டார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட் தனி மெட்டுகளைவிட ஓங்கிய தாளக்கட்டுகளையே மிகுதியாக வாசித்தார். டிரம்ஸ் கலைஞர் கீத் மூனோ சீரான தாளத்தைக் காப்பதில் நாட்டமில்லாதவர். மெட்டுக்குரிய இடம் காலியாக இருந்தது. சிறுவயதில் டிரம்பெட்டும் ஃபிரெஞ்சு ஹார்னும் பயின்ற என்ட்விசில், அவ்விடத்தைப் பேஸைக் கொண்டு நிரப்பினார்.

அதற்கு ஏற்ற தந்தி எளிதில் கிட்டவில்லை. மெல்லிய தந்திகளின் கூரிய ஒலிக்காக அவர் டேன்எலெக்ட்ரோ பேஸ் வாங்கினார். தந்தி அறுந்தபோது மாற்றுத் தந்தி தனியே விற்பனைக்கு இல்லாததால், புதிய பேஸையே வாங்க நேர்ந்தது என்று பின்னாளில் கூறியுள்ளார். இறுதிப் பதிவு ஃபெண்டர் ஜாஸ் பேஸில் நிகழ்ந்தது. அடுத்த ஆண்டு ரோட்டோசவுண்ட் நிறுவனத்தாருடன் இணைந்து, உருண்டைக் கம்பி சுற்றிய தந்திகளைச் செம்மைப்படுத்துவதில் பங்கேற்றார். பியானோவின் கணீரொலியை நினைவூட்டும் அத்தந்திகள் பின்னர் ராக் பேஸின் பொதுவழக்காயின. வலக்கை விரல்களால் தந்திகளைத் தட்டச்சுப்பொறியின் விசைகளைப்போலத் தட்டி வாசிக்கும் முறையையும் அவர் வளர்த்தார். மேடையிலோ அசையாது நின்றார்.

இவ்வழி ஒன்றே சிறந்த வழி என்று கொள்ளலாகாது. ராக் கலைஞர் பலருக்கு முன்மாதிரியான டெட்ராய்ட்டின் ஜேம்ஸ் ஜேமர்சன், இதற்கு நேர்மாறாகப் பழைய தட்டைத் தந்திகளை மாற்றாமல், ஒற்றைச் சுட்டுவிரலால் மோட்டவுன் பாடல்களை வாசித்தார். பாடகர் குரலும் பல கருவிகளும் நிறைந்த அந்த இசையில், இடம் அடைக்காத மென்மையான ஒலியே தேவைப்பட்டது. இருவரும் தத்தம் குழுவில் வெற்றிடம் எங்குள்ளது என்பதைக் கேட்டறிந்தனர். கருவி, தந்தி, விரல் ஆகிய தேர்வுகள் அதன்பின் வந்தவை.

என்ட்விசிலின் தேர்வுக்கு ஒரு விலையும் இருந்தது. டவுன்ஷெண்டும் அவரும் ஒருவரையொருவர் விஞ்ச, ஆம்ப்ளிஃபயர்கள் பெருகின. 1976-இல் இலண்டன் சார்ல்டன் மைதானத்தில் 32 மீட்டர் தொலைவில் 126 டெசிபல் பதிவாகி, கின்னஸ் நூலில் இடம்பெற்றது. செவிக்குத் தீங்கு விளையும் என்பதால் கின்னஸ் அப்பிரிவைப் பின்னர் கைவிட்டது. 2002 ஜூன் 27 அன்று, குழுவின் அமெரிக்கப் பயணம் தொடங்குவதற்கு முந்தைய நாள், லாஸ் வேகாஸில் என்ட்விசில் மறைந்தார். பேஸின் மேற்சுரங்களை உலகுக்குக் கேட்கச் செய்தவரின் செவித்திறன் அதற்குள் பெருமளவு குன்றியிருந்தது.