கப்பற்பெயரின் முன்னெழுத்துகள்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

கப்பல்களின் பெயர்களுக்கு முன்னே இடப்படும் சுருக்க எழுத்துகளை மாலுமிகளின் மரபுவழக்கென்று கருதி நாம் எளிதிற் கடந்துவிடுகிறோம். எஸ்.எஸ்., எச்.எம்.எஸ்., ஆர்.எம்.எஸ்., எம்.வி. என வரும் இவ்வெழுத்துகள் வணிகக் கப்பல்களைப் பொறுத்தவரை பதிவுபெற்ற பெயரின் பகுதியும் அல்ல. எனினும், ஒரு கப்பலை எச்சக்தி இயக்குகிறது, எவ்வதிகாரம் ஏவுகிறது என்னும் இரு வினாக்களுக்கு அவை விடை தருகின்றன. உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியும் அரசதிகாரத்தின் தன்மையும் இரண்டு மூன்று எழுத்துகளிற் பதிவாகியிருப்பின், அவை வரலாற்றாய்வுக்கு உரியனவே. கடல் கடந்து கொணரப்பட்ட உழைப்பாளரின் வழித்தோன்றல்கள் வாழும் வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறைப் பகுதிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் இவற்றைப் புறக்கணித்தல் இயலாது.

முதலில் இயக்குசக்தியை நோக்குவோம். பக்கச் சக்கரங்களாற் செல்லும் நீராவிக் கப்பல் 'பி.எஸ்.' எனப்பட்டது. பின்புறத்துச் சுழல்விசிறியால் உந்தப்படுவதைக் குறித்த 'எஸ்.எஸ்.' என்பது, நாளடைவில் நீராவிக் கப்பல் அனைத்துக்கும் பொதுப்பெயராயிற்று. 1845இல் பிரித்தானியக் கடற்படை 'ரட்லர்' என்ற சுழல்விசிறிக் கப்பலையும் 'அலெக்டோ' என்ற சக்கரக் கப்பலையும் பின்புறமாகப் பிணைத்து எதிரெதிரே இழுக்கவிட்டபோது, முன்னது பின்னதை இழுத்துச் சென்றது. 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் கீழைத்தேய வணிகத்திற் பாய்மரக் கப்பல் பின்தள்ளப்பட்டது. 1912இல் டென்மார்க்கின் 'செலாண்டியா' டீசல் இயந்திரத்தாற் பெருங்கடல் கடந்தது. 'எம்.எஸ்.', 'எம்.வி.' என்பன இப்புதிய இயந்திரத்தின் எழுத்துகள். ஒரு நூற்றாண்டுத் தொழினுட்பப் புரட்சி இவ்வெழுத்து மாற்றங்களில் அடங்கியுள்ளது.

இரண்டாம் வகை எழுத்துகள் அதிகாரத்தைச் சுட்டுவன. 'எச்.எம்.எஸ்.' என்பது மாட்சிமை தங்கிய மன்னரின் கப்பல் எனப் பொருள்படும். 'ஆர்.எம்.எஸ்.' என்பது அரச தபால் ஏற்றும் ஒப்பந்தம் பெற்ற தனியார் கப்பலைக் குறிக்கும். அரசும் தனியார் மூலதனமும் கைகோத்து நின்றமைக்கு இதனினும் சுருக்கமான சான்று வேறில்லை. 1946 பெப்ரவரியிற் பம்பாயில் இந்தியக் கடற்படையினரின் கிளர்ச்சி வெடித்த 'எச்.எம்.ஐ.எஸ். தல்வார்' ஒரு கப்பலே அன்று. அது கரையில் இருந்த சமிக்ஞைப் பயிற்சி நிலையம். முன்னெழுத்து மிதக்கும் பொருளையன்றி ஆளும் உரிமையையே குறித்தது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. இலங்கையிலும் முடியின் பெயரால் 'எச்.எம்.சி.வை.எஸ். விஜய' என வழங்கிய கடற்படை மரபு, 1972இல் நாடு குடியரசானதும் 'எஸ்.எல்.என்.எஸ்.' என மாறிற்று.

இவ்விரு வகைகளுக்கும் இடையே நுணுகி நோக்கத்தக்க வேறுபாடு ஒன்றுண்டு. போர்க்கப்பலின் எழுத்து தன் எசமானை வெளிப்படையாகச் சொல்கிறது. வணிகக் கப்பலின் எழுத்தோ இயந்திரத்தை மட்டும் சொல்லி உடைமையாளனை மறைக்கிறது. அவ்வியந்திரத்துக்குக் கரி அள்ளிப் போட்ட இந்திய லஸ்கார்களையும் அது சொல்வதில்லை. 1906இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை தூத்துக்குடியில் நிறுவிய சுதேசிக் கப்பற் கம்பெனி, மறு ஆண்டிற் கொணர்ந்த கலங்கள் 'எஸ்.எஸ். காலியா', 'எஸ்.எஸ். லாவோ' என்பன. அவற்றுடன் தூத்துக்குடி - கொழும்புத் தடத்திற் போட்டியிட்ட பிரித்தானிய இந்தியக் கம்பெனியின் கப்பல்களும் அதே 'எஸ்.எஸ்.' எழுத்துகளையே தாங்கின. எழுத்து ஒன்று, உடைமை உறவோ முற்றிலும் வேறு. கட்டணத்தைக் குறைத்துப் போட்டியை நசுக்க முயன்றது ஏகபோக மூலதனம். 1908இற் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கும் தலைமை தாங்கிய சிதம்பரனாரைச் சிறைக்கு அனுப்பியது அரசு. மூலதனமும் அரசும் ஆற்றிய பணிகள் வேறு, நோக்கம் ஒன்றே. 1911இற் கம்பெனி கலைக்கப்பட்டது.

இனி ஊவாவுக்கு வருவோம். கோப்பிக் காலத்து உழைப்பாளர் சிறு தோணிகளிலும் பாய்மரக் கலங்களிலும் மன்னார்க் கரை சேர்ந்து, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். அக்கலங்களுட் பலவற்றின் பெயரே நமக்கு எட்டவில்லை. 1864இல் மூழ்கி 120 பேரைப் பலிகொண்டதாக மலையக வரலாற்று நூல்கள் கூறும் 'ஆதிலட்சுமி' விதிவிலக்காக நினைவில் நிற்கிறது. பின்னர்த் தேயிலையும் நீராவியும் ஒருங்கே வந்தன. 1893இல் அப்புத்தளையையும் 1894இற் பண்டாரவளையையும் புகையிரதம் எட்டியது. வெலிமடைக்கு இன்றும் இருப்புப்பாதை இல்லை; அதற்கு வீதியே வழி. 1914இல் தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பற்சேவை இரு கரைகளின் புகையிரதங்களையும் இணைத்தது. ஒரே போக்குவரத்து அமைப்பு உழைப்பை மேலே ஏற்றித் தேயிலைப் பெட்டியைக் கீழே இறக்கியது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வுழைப்பாளரும் முன்னெழுத்துப் பெற்றனர் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அனுப்பப்படவேண்டிய தோட்டத்தைக் காட்டும் குறி பொறித்த தகரவில்லை அவர்தம் உடலில் அணிவிக்கப்பட்டது. 'டின் டிக்கட்' முறை என அது வழங்கிற்று. கப்பலுக்கு இட்ட எழுத்துப் பெயருக்கு முன் நின்றது. மனிதனுக்கு இட்ட குறியோ பெயருக்குப் பதிலாக நின்றது. சரக்கு உரிய இடம் சேரவேண்டும் என்பதே அதன் தருக்கம். ஆளின் ஊரும் குடும்பமும் அத்தருக்கத்துக்கு வேண்டாதவை.

இப்பதிவின்மையின் விலையைப் பிற்காலத் தலைமுறைகள் செலுத்தின. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தமைக்கோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தமைக்கோ சான்று வேண்டிற்று. 1949இன் சட்டம் தொடர்ச்சியான வதிவுக்கு ஆதாரம் கேட்டது. விண்ணப்பங்களுட் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. தகரத்தில் எண்ணாக வந்து இறங்கியவரின் பேரனிடம் பெயரும் திகதியும் இடமும் கொண்ட ஆவணம் கேட்பது சட்டமுறையிற் செய்யப்பட்ட அநீதியன்றி வேறென்ன? 1964இன் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 150,000 பேரைப் பின்னர்த் தீர்க்க விட்டது. அவர்களை 1974இன் உடன்பாடு சரிபாதியாகப் பிரித்தது. ஊவாத் தோட்டங்களிலிருந்தும் பல குடும்பங்கள் தலைமன்னாரிற் கப்பலேறின. அச்சேவை 1984இல் நின்றது. எஞ்சிய நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது.

ஆகவே, கப்பற்பெயரின் முன்னெழுத்துகளை விளக்கும் அகராதிப் பொருளோடு நாம் அமைதல் போதாது. அவ்வெழுத்துகள் இயந்திரத்தைச் சொல்கின்றன; முடியைச் சொல்கின்றன; தபாலைச் சொல்கின்றன. பயணியை அவை சொல்வதில்லை. ஊவாத் தோட்ட மக்களின் வரலாறு அவ்விடைவெளியிலிருந்தே எழுதப்படவேண்டும். தோட்டப் பதிவேடுகள், பழைய சீட்டுகள், முதியோரின் வாய்மொழிகள், ஒப்பாரிகள், தமிழக ஊர்ப்பெயர்களை இன்றும் காக்கும் குடும்ப நினைவுகள் ஆகியவற்றை வெலிமடை தொடங்கிப் பசறை வரை திரட்டுதல் தமிழாய்வாளர் முன்னுள்ள உடனடிப் பணியாகும். எண்ணாக எழுதப்பட்டவரைப் பெயராக மீட்பது இலக்கிய ஆய்வின் கடமை. அரசியற் கடமையும் அதுவே.