ஆய்வக இன்குபேட்டர்களில் வாயுப் பாதுகாப்பு

ஆய்வக இன்குபேட்டர்களில் வாயுப் பாதுகாப்பு என்பது, செல்களையும் நுண்ணுயிரிகளையும் வளர்க்கும் கருவிகளுக்குச் செலுத்தப்படும் கார்பன் டை ஆக்சைடு, நைட்ரஜன், ஹைட்ரஜன் ஆகிய வாயுக்களால் அறையில் பணிபுரிவோருக்கு மூச்சுத்திணறல், நஞ்சேற்றம், தீ விபத்து ஆகியவை நேராமல் காக்கும் நடைமுறைகளைக் குறிக்கும். இன்குபேட்டருக்குள் இருக்கும் உணரி, செல்களுக்கு வேண்டிய வாயு அளவை மட்டுமே கண்காணிக்கிறது. வெளியே அறைக் காற்றில் என்ன நடக்கிறது என்பதை அது காட்டாது. ஆகவே அறைக்கெனத் தனிக் கண்காணிப்பு இன்றியமையாதது.

பயன்படும் வாயுக்கள்

பாலூட்டிகளின் செல்கள் பொதுவாக 37 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், 5% கார்பன் டை ஆக்சைடு கலந்த ஈரக்காற்றில் வளர்க்கப்படுகின்றன. வளர்ப்பு ஊடகத்திலுள்ள பைகார்பனேட்டுடன் சேர்ந்து இவ்வாயு ஊடகத்தின் பிஎச் மதிப்பை 7.2 முதல் 7.4 வரை நிலைநிறுத்துகிறது. உடல் திசுக்களில் உள்ளதுபோல ஆக்சிஜன் குறைந்த சூழல் வேண்டுமானால், நைட்ரஜனைச் செலுத்தி ஆக்சிஜனை 1–5% அளவுக்குக் குறைப்பர். ஆக்சிஜன் ஒவ்வாத பாக்டீரியாக்களுக்கான பெட்டகங்களில் ஹைட்ரஜன் சேர்ந்த கலவை பயன்படுகிறது. பல்லேடியம் வினையூக்கியின் உதவியால், எஞ்சிய ஆக்சிஜன் ஹைட்ரஜனுடன் வினைபுரிந்து நீராகிவிடும்.

கார்பன் டை ஆக்சைடு

நிறமும் மணமும் அற்ற இவ்வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தரையோரத்திலும் நிலவறைகளிலும் தேங்கும். அமெரிக்காவில் 8 மணி நேரப் பணிக்குச் சட்டம் அனுமதிக்கும் சராசரி வரம்பு 5,000 பிபிஎம், அதாவது 0.5%. 4% அளவு உயிருக்கு உடனடி ஆபத்து விளைவிப்பதாகக் கருதப்படுகிறது. தலைவலி, மூச்சு வாங்குதல், மனக்குழப்பம் ஆகியவை முதல் அறிகுறிகள். 10% அளவில் சில நிமிடங்களிலேயே நினைவு தப்பும்.

1 கிலோ திரவக் கார்பன் டை ஆக்சைடு ஆவியானால் ஏறத்தாழ 540 லிட்டர் வாயு கிடைக்கும். 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள மூடிய அறையில் 10 கிலோ கசிந்து பரவினால், அறைக் காற்றில் அதன் பங்கு 10 சதவீதத்தை எட்டும்.

ஆக்சிஜன் அளவை மட்டும் பார்க்கும் எச்சரிக்கைக் கருவி இங்கே போதாது. அறைக் காற்றில் 5% கார்பன் டை ஆக்சைடு கலந்தாலும் ஆக்சிஜன் 20.9 சதவீதத்திலிருந்து 19.9 ஆகத்தான் குறையும். வழக்கமாக 19.5 சதவீதத்தில் ஒலிக்கும் கருவி அப்போதும் ஒலிக்காது. இவ்வாயு, ஆக்சிஜனை வெளியேற்றுவதோடு நில்லாமல் இரத்தத்தின் அமிலத்தன்மையையும் கூட்டுவதால், அதன் அளவை நேரடியாக அறியும் அகச்சிவப்பு உணரி தேவை.

பிற வாயுக்களும் ஆவிகளும்

நைட்ரஜன் நஞ்சன்று, ஆனால் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மூச்சுமுட்டும் உணர்வு பெரிதும் உடலில் கார்பன் டை ஆக்சைடு சேர்வதாலேயே எழுகிறது. நைட்ரஜன் நிறைந்த அறையில் அது வழக்கம்போல மூச்சில் வெளியேறிவிடுவதால், எந்த உணர்வும் இன்றியே மயக்கம் வரும். 1 லிட்டர் திரவ நைட்ரஜன் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரியும்.

ஹைட்ரஜன் காற்றில் 4% முதல் 75% வரை கலந்திருந்தால் தீப்பற்றக்கூடியது. எனவே தூய ஹைட்ரஜனைத் தவிர்த்து, நைட்ரஜனில் 5% அளவு முன்கூட்டியே கலந்த உருளைகளைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

இன்குபேட்டரை எத்தனாலால் துடைத்தபின், ஆவி முழுதும் நீங்கும்வரை மின்னிணைப்புக் கொடுக்கக் கூடாது. கிருமிநீக்கத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியைப் பயன்படுத்தும்போது, பணியிடக் காற்றில் அதன் 8 மணி நேரச் சராசரி 1 பிபிஎம் அளவைத் தாண்டலாகாது. கிருமிநீக்கத்துக்குப் பயன்படும் மற்றொரு பொருளான ஃபார்மால்டிஹைடு, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தப்பட்டுள்ளது.

சிலிண்டர்கள்

சிலிண்டர்களை நிமிர்த்தி நிறுத்திச் சங்கிலியால் சுவரோடு பிணைக்க வேண்டும். நகர்த்தும்போது ரெகுலேட்டரைக் கழற்றி வால்வு மூடியை மாட்ட வேண்டும். நிறம் நாட்டுக்கு நாடு மாறுவதால், சிலிண்டரில் உள்ள வாயுவைப் பெயர்ச்சீட்டைப் படித்தே உறுதிசெய்ய வேண்டும். இந்தியாவில் இவற்றை நிரப்புவதும் வைத்திருப்பதும் 2016ஆம் ஆண்டின் வாயு உருளை விதிகளுக்கு உட்பட்டவை.

20 டிகிரியில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் அழுத்தம் ஏறத்தாழ 57 பார். உள்ளே திரவம் இருக்கும்வரை அழுத்தமானி இறங்காது. இருப்பை அறிய எடை பார்ப்பதே வழி. 31 டிகிரிக்கு மேல் திரவநிலை நீடிப்பதில்லை. வெப்பம் ஏறும்போது அழுத்தமும் கடுமையாக உயர்வதால் சிலிண்டரை வெயிலில் வைக்கக் கூடாது. சிலிண்டர்களைக் கட்டடத்துக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, குழாய் வழியே வாயுவைக் கொண்டுவருவது சிறந்த ஏற்பாடு. இணைப்புகளைச் சோப்புக் கரைசல் தடவிச் சோதிக்கலாம். குமிழி எழுந்தால் கசிவு உண்டு.

எச்சரிக்கையும் மீட்பும்

கார்பன் டை ஆக்சைடு உணரியைத் தரையிலிருந்து 30 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் பொருத்துவது வழக்கம். வாயு அளவு கதவுக்கு வெளியிலும் தெரிய வேண்டும். எச்சரிக்கை ஒலித்தால் அனைவரும் உடனே வெளியேறி, முடிந்தால் வெளியிலிருந்தே வாயுவை அடைத்து, காற்றோட்டத்தை இயக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கிக் கிடந்தாலும் தனியாக ஓடி நுழையக் கூடாது. இத்தகைய விபத்துகளில் காப்பாற்றப் போனவரும் இறப்பதுண்டு. முகக்கவசமும் வடிகட்டிக் கவசமும் ஆக்சிஜன் தருவதில்லை. சுவாசக் காற்று உருளையைச் சுமந்த, பயிற்சி பெற்ற குழுவே உள்ளே செல்ல வேண்டும்.